உடம்பின் ஈரம்

முதுகுவலியோடு ஸ்கேனுக்கு வருகிற எங்கள் பக்கத்து ஆட்கள், மேஜையில் ஏறிப் படுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: “எலும்பு தேஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க தம்பி.” அருப்புக்கோட்டையில் தறி நெய்கிறவரும் இதையே கேட்பார், திருச்சுழிப் பக்கம் கருவேல விறகு வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவரும் இதையே கேட்பார். நரிக்குடியிலிருந்து ஆட்டுக்கிடையை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்த பெரியவரும் அப்படித்தான். எத்தனை பேர் காத்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு நான் நின்று பதில் சொல்வேன். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குக் கெட்டியான எலும்பு வெறும் கறுப்பு. அது தேடுவது தண்ணீரையும் கொழுப்பையும். நம் உடம்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீர். அந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதுதான் நாம் பார்க்கிற கறுப்பு வெள்ளைப் படம்.

நான் பிறந்தது திருச்சுழிக்குக் கிழக்கே, குண்டாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில். ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் மல்லியும் மிளகாயும் போடுகிற குடும்பம். மதுரையில் ரேடியோகிராபி படித்தேன். இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவுவதில் தொடங்கி, சி.டி. ஸ்கேன் வழியாக எம்.ஆர்.ஐ. அறைக்கு வந்து சேர்ந்தேன். பாடப் புத்தகத்தில் முதலில் படித்தபோது மண்டையில் ஏறாத ஒரு விஷயம், ஊருக்குப் போய் அப்பாவோடு காட்டில் நின்றபோது விளங்கியது.

கரிசலில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தால் கையில் ஈரம் ஒட்டும். அதே மண்ணில் நிற்கிற பயிர் வாடிக்கிடக்கும். களிமண் தண்ணீரைத் தன்னோடு இறுக்கிக்கொண்டு வேருக்கு விடாது. குண்டாற்று மணலோ பார்வைக்குக் காய்ந்து கிடக்கும்; இரண்டு முழம் தோண்டி ஊற்றுப் பறித்தால் தண்ணீர் தானாகச் சுரக்கும். ஈரத்தின் அளவு ஒரு செய்தி. அந்த ஈரம் கட்டுண்டு கிடக்கிறதா, அவிழ்ந்து கிடக்கிறதா என்பது வேறொரு செய்தி. எம்.ஆர்.ஐ.யின் உயிர்நாடி இந்த இரண்டாவது செய்தியில்தான் இருக்கிறது. இதை நான் உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இதே காந்த ஒத்ததிர்வுக் கருவியைத் துளைக்குள் இறக்கிப் பாறையின் ஈரத்தை அளக்கிறார்கள். களியில் கட்டுண்ட தண்ணீரின் சமிக்ஞை சில மில்லி விநாடிகளில் மங்கிப்போகும். பெரிய துளைகளில் அவிழ்ந்து கிடக்கும் தண்ணீரின் சமிக்ஞை அதைப்போல் பல மடங்கு நேரம் நீடிக்கும். பாறைக்கும் மூளைக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

மூளையையே எடுத்துக்கொள்வோம். சாம்பல்நிறப் பகுதியில் தண்ணீர் சுமார் 80 சதவீதம், வெண்பகுதியில் சுமார் 70. அளவை மட்டும் வைத்துப் படம் எடுத்தால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். எக்ஸ்ரேக்கு அவை கிட்டத்தட்ட ஒன்றே, சி.டி.யில் மங்கலாகத்தான் பிரியும். ஆனால் வெண்பகுதியில் தண்ணீர் நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்புறைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டுக் கிடக்கிறது. சாம்பல் பகுதியில் அதற்குக் கொஞ்சம் இடம் அதிகம். மூளையைச் சுற்றியுள்ள தண்டுவட நீரில் அது முழுச் சுதந்திரமாக ஓடுகிறது. மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

பதிலை எப்படிக் கேட்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனின் கரு ஒரே ஒரு புரோட்டான். அது ஒரு நுண்ணிய காந்தம். சாதாரணமாக இந்தக் காந்தங்கள் எந்தத் திசையும் இல்லாமல் கிடக்கும். நோயாளி படுக்கிற சுரங்கத்தின் காந்தப்புலம் 1.5 டெஸ்லா. நம் தென்மாவட்டங்களில் பூமியின் காந்தப்புலத்தைப்போல் 35,000 மடங்குக்கும் மேல். (புவிக்காந்த நடுக்கோடு நம் தெற்கு எல்லையை ஒட்டிப் போவதால்தான் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருக்கிறது.) அவ்வளவு வலிய புலத்திலும் 10 லட்சம் புரோட்டான்களில் ஏறக்குறைய 5 மட்டுமே மிச்சமாக அந்தத் திசைக்குச் சாய்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே புரோட்டான்கள் எண்ணிலடங்காதவை என்பதால் அந்த 5 போதும். மொத்தப் படமும் அந்த மிச்சத்திலிருந்து வருகிறது.

சாய்ந்த புரோட்டான்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றுகின்றன. ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், ஆகவே 1.5 டெஸ்லாவில் சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. இது வானொலி அலையின் எல்லை. நம் பக்கத்து வீடுகளிலும் டீக்கடைகளிலும் கேட்கிற கொடைக்கானல் பண்பலையின் 100.5 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெளியிலிருந்து எந்த வானொலியும் நுழைந்து படத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எம்.ஆர்.ஐ. அறையின் சுவர், கூரை, தரை எல்லாவற்றிலும் செம்புத் தகடு போர்த்தியிருக்கிறோம். உள்ளே புரோட்டான் சுற்றுகிற அதே அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை அனுப்பினால் புரோட்டான்கள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு புரள்கின்றன. துடிப்பை நிறுத்தியதும் வாங்கியதைத் திருப்பித் தருகின்றன. அந்த மெல்லிய பதிலைக் கேட்கிற ஆன்டெனாதான் நாங்கள் தலையிலும் முட்டியிலும் மாட்டுகிற “காயில்”. “கரண்ட் பாயுமா, கதிர் பாயுமா?” என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: எக்ஸ்ரே கதிர் ஒரு துளியும் இல்லை, ரேடியோ அலைதான்.

இந்த அறிவின் வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. அதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிறோமே என்று எனக்கு வருத்தம். சி.வி. ராமனோடு 1928இல் ஒளிச்சிதறல் ஆய்வில் உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். பிறகு டாக்காவுக்குப் போய்ப் படிகங்களின் காந்தப் பண்புகளை அளந்தது அவருடைய தனிப் பெரும் சாதனை. 1946இல் அமெரிக்காவில் பிளாக்கும் பர்செல்லும் திரவத்திலும் திடப்பொருளிலும் புரோட்டானின் பதிலைக் கேட்டார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1951இல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூர்யன் ஓடுகிற திரவத்தில் அந்தப் பதில் எப்படி மாறுகிறது என்று அளந்து எழுதினார். ஊசி மருந்து போடாமலே மூளை ரத்தக்குழாய்களை இன்று படமெடுக்கிறோமே, அதன் வேர் அந்த ஆய்வில் இருக்கிறது. 1973இல் லாட்டர்பர் முதல் படத்தை வெளியிட்டார். மேன்ஸ்ஃபீல்ட் அதை வேகமாக்கினார். 2003இல் இருவருக்கும் நோபல்.

இனி என் தொழிலின் மையத்துக்கு வருகிறேன். புரண்ட புரோட்டான்களுக்கு இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, வாங்கிய ஆற்றலைச் சுற்றுப்புறத்திடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய திசைக்குத் திரும்புவது. இதற்கு ஆகும் காலம் டி1. இன்னொன்று, சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தவை ஒன்றோடொன்று அணி குலைந்துபோவது. இதற்கு ஆகும் காலம் டி2. கொழுப்பின் டி1 சுமார் கால் விநாடி. தண்டுவட நீரின் டி1 சுமார் 4 விநாடி. ஏன் இவ்வளவு வித்தியாசம்? கட்டில்லாத தண்ணீர் மூலக்கூறு மிக வேகமாகப் புரண்டு உருள்கிறது. புரோட்டான் சுற்றும் வேகத்துக்கும் அதற்கும் பொருத்தமில்லாததால் ஆற்றலைக் கைமாற்ற முடியாமல் தவிக்கிறது. கொழுப்பு மூலக்கூறின் உருளல் அந்த வேகத்துக்கு அருகில் இருப்பதால் சட்டென்று ஒப்படைத்துவிடுகிறது. 1948இல் புளோம்பெர்கன், பர்செல், பவுண்ட் மூவரும் எழுதிக் காட்டிய விளக்கம் இது.

கன்சோல் முன்னால் உட்கார்ந்திருக்கிற டெக்னீஷியன் கையில் இரண்டு கடிவாளங்கள் இருக்கின்றன. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுவது, அதை டி.ஆர். என்கிறோம். துடிப்புக் கொடுத்து எவ்வளவு நேரம் கழித்துப் பதிலைக் கேட்பது, அது டி.இ. டி.ஆரை அரை விநாடியாகவும் டி.இ.யைப் பத்துப் பதினைந்து மில்லி விநாடியாகவும் வைத்தால், அதற்குள் திரும்பிவிட்ட கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகும். இன்னும் திரும்பாத நீர் கறுப்பாகும். இது டி1 படம். டி.ஆரை 4 விநாடிக்கு நீட்டி, டி.இ.யை 100 மில்லி விநாடிக்குத் தள்ளினால், அதுவரை அணி குலையாமல் காத்திருக்கிற நீர் வெள்ளையாகும். எப்போதோ குலைந்துவிட்ட தசை கறுத்துப்போகும். இது டி2 படம். ஒரே மனிதர், ஒரே தலை, ஒரே நாள். கேட்கிற கேள்வி மாறினால் வெள்ளை கறுப்பாகிறது, கறுப்பு வெள்ளையாகிறது. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து ஸ்கேன் படத்தைப் புகைப்படம் என்று யாராவது சொன்னால் நான் திருத்துகிறேன். அது நாம் கேட்ட கேள்விக்கு உடம்பு கொடுத்த பதில். கேள்வி சரியாக அமையவில்லை என்றால் எத்தனை கோடி ரூபாய் இயந்திரமும் உதவாது.

தறிக்காரர்களின் முதுகுக்கு வருவோம். குழித்தறியில் கால்களைப் பள்ளத்துக்குள் தொங்கவிட்டு, இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து, நாளெல்லாம் நெய்கிறவர்கள் அருப்புக்கோட்டையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களுக்கு எடுக்கிற இடுப்புப் படத்தில் நான் முதலில் பார்ப்பது டி2. முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டு, நம் ஊர் வழக்கில் ஜவ்வு, இளம் வயதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரால் ஆனது. டி2 படத்தில் அதன் நடுப்பகுதி வெள்ளையாகத் தெரியும். வயது ஏற ஏற, தண்ணீரைப் பிடித்துவைக்கிற புரதச் சர்க்கரைச் சேர்மங்கள் குறைகின்றன, ஜவ்வு வற்றுகிறது, படத்தில் சாம்பலாகி, பிறகு கறுக்கிறது. அதன் வெளிவளையம் கிழிந்து உள்ளிருப்பது பின்னால் பிதுங்கி நரம்பைத் தொட்டால், பின்தொடையில் தொடங்கிக் கெண்டைக்கால்வரை மின்னல் வெட்டுப்போல வலி இழுக்கும். தண்டுவட நீர் வெள்ளையாக இருப்பதால் கறுத்த பிதுக்கம் அதற்குள் நீட்டிக்கொண்டிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியிருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் இடத்திலாவது ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. ஆகவே ரிப்போர்ட்டில் “பல்ஜ்” என்ற ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, தறியை விற்றுவிடலாமா என்று கலங்கி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஒரு பெரியவர், நெசவாளர், அவருடைய கீழ்முதுகு ஜவ்வு அத்தனையும் கறுத்துப்போயிருந்தது. அவருக்கு வலி இருந்ததோ வேறொரு இடத்தில், இடுப்பு மூட்டில். டாக்டர் அவரை நடக்கவைத்து, காலைத் தூக்கவைத்து, தொட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். படத்தைவிடத் தொட்டுப் பார்த்த கை பெரியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் வைத்தியம்.

வெள்ளையாகத் தெரிவதை வேண்டுமென்றே அடக்குவதும் எங்கள் வேலையில் ஒரு பெரிய கலை. எலும்பின் உள்ளே மஜ்ஜையில் கொழுப்பு நிறைய. டி1, டி2 இரண்டிலும் அது வெளிச்சமாகத் தெரிந்து, அதற்குள் ஊறுகிற நீரை மறைத்துவிடும். அதனால் முதலில் எல்லாப் புரோட்டான்களையும் தலைகீழாகப் புரட்டிவிட்டு, கொழுப்பின் சமிக்ஞை பூஜ்யத்தைக் கடக்கிற அந்தத் தருணத்தில், சுமார் 150 மில்லி விநாடியில், கேட்கத் தொடங்குகிறோம். கொழுப்பு மௌனமாகிவிடும். மிச்சம் தெரிவது நீர் மட்டும். இதை ஸ்டிர் என்கிறோம். மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிற ஒரு பெண், மாசக்கணக்காக முதுகுவலி, சாயங்காலமானால் உள்காய்ச்சல், உடம்பு இளைப்பு. எண்ணெய் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள், நீவிப் பார்த்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேக்குத் தெரியும். ஸ்டிர் படத்தில் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவிலிருந்த ஜவ்வும் பளீரென்று வெளுத்திருந்தன. முதுகெலும்புக் காசநோய். கால் செயலிழக்கும் முன்னே மருந்து தொடங்கியதால் அவர் நடந்தே வந்து அடுத்த படத்துக்குப் படுத்தார். அந்த இரண்டாவது படத்தில் வெளுப்பு வடிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி சம்பளத்தில் வராது.

மூளையில் இதே உத்தியைத் தண்டுவட நீரை அடக்கப் பயன்படுத்துகிறோம். புரட்டிவிட்டு இரண்டே கால் விநாடிபோலக் காத்திருந்தால் அந்த நீர் கறுத்துவிடும். அதன் கரையோரத்தில் ஒளிந்திருந்த வீக்கம் வெளியே தெரியும். இதன் பெயர் ஃப்ளேர். வலிப்பு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மாருக்கு ஃப்ளேரும் கான்ட்ராஸ்ட் ஊசிக்குப் பிறகு எடுக்கிற டி1 படமும்தான் பதில் சொல்கின்றன. நம் நாட்டில் அப்படிப்பட்ட வலிப்புக்குக் காசநோய்க் கட்டியோ நாடாப்புழு முட்டையால் வந்த நீர்க்கட்டியோ அடிக்கடி காரணமாக இருக்கிறது. இரண்டுமே மருந்துக்குக் கட்டுப்படும்.

பக்கவாதத்துக்கு இன்னொரு கேள்வி. தண்ணீர் மூலக்கூறுகள் ஓயாமல் அங்குமிங்கும் உலவுகின்றன. ரத்தம் நின்றுபோன மூளைப்பகுதியில் செல்கள் வீங்கி, அந்த உலாவுக்கு இடமில்லாமல் போகிறது. டிஃப்யூஷன் படம் அந்த அடைபட்ட இடத்தை வெள்ளையாகக் காட்டும், அதுவும் அடைப்பு வந்த கொஞ்ச நேரத்திலேயே. மற்ற படங்களில் அப்போது எதுவும் தெரியாது. ஆனால் டிஃப்யூஷனில் வெள்ளையாகத் தெரிகிற பழைய புண்ணும் உண்டு. டி2 வெளுப்பு அதற்குள் கசிந்து ஏமாற்றும். பக்கத்திலேயே நீரின் உலாவை மட்டும் அளந்து காட்டுகிற ஏ.டி.சி. வரைபடத்தை வைத்து, அதில் அந்த இடம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தால்தான் புதியது என்று சொல்லலாம். அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. திருச்சுழியிலிருந்து மதுரைக்கு வருவதற்குள்ளேயே அதில் பாதி தீர்ந்துவிடும். வாய் கோணி, கை கால் இழுத்துக்கொண்டால் வீட்டில் வைத்துக் கைவைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள்; ரத்தக்கசிவா அடைப்பா என்பதை சி.டி.யே முதலில் சொல்லிவிடும்.

திருச்சுழி என்றதும் உலகம் நினைப்பது ரமண மகரிஷியை. 1879இல் அங்கே பிறந்தவர். கடைசிக் காலத்தில் அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டி கிளம்பியது. அறுத்து எடுத்தார்கள், திரும்ப வந்தது. சார்கோமா என்று தெரிந்தது. மறுபடியும் மறுபடியும் அறுவை, ரேடியம் சிகிச்சை. 1950 ஏப்ரல் 14இல் அவர் மறைந்தார். மென்திசுச் சார்கோமா என்பது தசைக்கும் நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே வேர்விடுகிற கட்டி. அந்தக் காலத்து எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். தசை எங்கே முடிகிறது, கட்டி எங்கே தொடங்குகிறது என்று காட்டாது. அதே 1950இல்தான், அணி குலைந்த புரோட்டான்களை மறுபடி அணிசேர்த்துப் பதில் கேட்கிற ஸ்பின் எக்கோவை எர்வின் ஹான் கண்டறிந்து வெளியிட்டார். இன்று கையிலோ தொடையிலோ அப்படி ஒரு கட்டியோடு யார் வந்தாலும் கத்தி வைப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். டி1 படத்தில் கட்டியும் தசையும் ஒரே சாம்பல். ஆனால் சுற்றியுள்ள கொழுப்பின் வெள்ளைக் கோடு அழிந்திருக்கிறதா என்று அதில் தெரியும். ஸ்டிரில் கட்டி வெளுத்துத் தனியே நிற்கும். நரம்பைத் தொடுகிறதா, எலும்பு மஜ்ஜைக்குள் போயிருக்கிறதா, எவ்வளவு தள்ளி அறுத்தால் மிச்சமில்லாமல் எடுக்கலாம் என்று அறுவை மருத்துவர் முன்கூட்டியே திட்டமிட முடிகிறது. கைக் கட்டிகளுக்குப் படம் எடுக்கிற ஒவ்வொரு முறையும் எங்கள் ஊர் மகானின் அந்தக் கை எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதற்காக வெள்ளையெல்லாம் புற்று என்று யாரும் பயந்துவிடக் கூடாது. 1971இல் டமாடியன் எலிகளின் கட்டித் திசுவில் டி1, டி2 இரண்டும் நீளமாக இருப்பதைக் கண்டு எழுதினார். புற்றை இதை வைத்தே இனம் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. நடைமுறையில் வீக்கம், சீழ், அடிபட்ட காயம், கட்டி எல்லாவற்றிலும் அவிழ்ந்த நீர் கூடுகிறது; எல்லாமே டி2வில் வெளுக்கின்றன. பிரித்தறிய, சில நேரம் கடோலினியம் ஊசி தேவைப்படும். நம் ஆட்கள் “டை” என்பார்கள். அந்த உலோகத்தின் அயனியில் ஜோடி சேராத 7 எலக்ட்ரான்கள் இருப்பதால் அருகிலுள்ள நீரின் டி1ஐ அது சுருக்கிவிடுகிறது; மருந்து கசிகிற இடம் டி1 படத்தில் பளிச்சிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில வகை கடோலினியம் மருந்து தோலை இறுக்குகிற ஒரு கொடிய நோயை உண்டாக்கலாம் என்று 2006இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஊசிக்கு முன் கிரியாட்டினின் கேட்பது அதனால்தான். “சும்மா ஒரு ரத்த டெஸ்டுக்குக் காசு புடுங்குறாங்க” என்று நினைக்க வேண்டாம்.

இந்த இயந்திரத்துக்குத் தெரியாததும் உண்டு. நம் வெயிலில் வேலை செய்து, குறைவாகத் தண்ணீர் குடித்து, கல்லடைப்போடு துடித்து வருகிறவர்கள் “பெரிய ஸ்கேனே எடுத்துருங்க” என்பார்கள். கல்லில் அவிழ்ந்த நீர் இல்லை, எம்.ஆர்.ஐ.க்கு அது வெறும் வெற்றிடம். அவர்களுக்கு அல்ட்ராசவுண்டோ மருந்து போடாத சி.டி.யோ போதும். பணம் அதிகமான ஸ்கேன் மேலான ஸ்கேன் என்ற எண்ணம் ஏழைகளை நிறையச் செலவழிக்க வைக்கிறது.

அறைக்குள் நுழைகிற பொருட்களைப் பற்றி நான் கண்டிப்பானவன். காந்தம் இரவும் பகலும், கரண்ட் போனாலும், உயிரோடுதான் இருக்கும். மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கிய கம்பிச்சுருளில் மின்சாரம் தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது; வழக்கமான இயந்திரத்தில் ஹீலியம் ஆயிரம் லிட்டருக்கும் மேல். ஹீலியம் கொதித்து வெளியேறாமல் காக்கும் குளிர்கருவிக்குச் சில்லர் ஓட வேண்டும். எங்கள் சித்திரை வெயிலில் சில்லரின் வெப்பமானியைப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன இளைஞர் உயிரிழந்தார். அந்தச் செய்தியை அச்சிட்டு எங்கள் கதவருகே ஒட்டிவைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து நகைகளும் உடைகளும் தனிக் கவனம் கேட்பவை. பாம்படம் போட்ட அப்பத்தாமார் இன்னும் வருகிறார்கள். “இதக் கழட்டி நாப்பது வருசமாச்சுய்யா” என்பார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனாலும் தலைப்படத்தைச் சிதைக்கும், ரேடியோ அலையில் சூடேறும் என்று பொறுமையாகச் சொல்லிப் பேத்தியை விட்டுக் கழற்றச் சொல்வேன். மூக்குத்தித் திருகு, மெட்டி, கொண்டை ஊசி, ஜரிகைச் சேலை எல்லாவற்றுக்கும் இதே பேச்சு. தாயத்தை மட்டும் மஞ்சள் துணியில் சுற்றி அவர்கள் கண்ணெதிரே உறவினர் கையில் கொடுக்கச் சொல்வேன். அது அவர்கள் நம்பிக்கை, அதற்குரிய மரியாதையை நான் தர வேண்டும். காப்பர்-டி போட்ட பெண்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். எங்கள் நர்ஸ் அக்கா தனியே கேட்டுக்கொள்வார். செம்பைக் காந்தம் இழுக்காது, பயமில்லை. வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தவர்களைத்தான் விட்டுவிடக் கூடாது. கண்ணுக்குள் தெறித்து ஒளிந்திருக்கிற இரும்புத் துணுக்கு காந்தத்தில் அசைந்தால் பார்வை போய்விடும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே.

சத்தத்துக்கும் பயப்படுவார்கள். படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி கொடுக்கிற கம்பிச்சுருள்கள் காந்தத்துக்குள் அதிர்வதால் வருகிற சத்தம் அது. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறவர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அதிலேயே தூங்கியும்விடுகிறார்கள். மற்றவர்களுக்குக் கையில் பஸ்ஸரைக் கொடுத்து, அழுத்தினால் உடனே வெளியே எடுப்பேன் என்று உறுதி சொல்கிறேன். கழுத்துப் படத்துக்கு “எச்சில் விழுங்காம இருங்க ஆத்தா” என்று ஒவ்வொரு சீக்வென்ஸுக்கு முன்பும் மைக்கில் சொல்ல வேண்டும். அசைந்தால் படம் கலங்கும்; கலங்கிய படத்தில் நல்ல நரம்பும் கெட்டதாகத் தெரியும்.

முன்பெல்லாம் எங்கள் ஆட்களுக்கு எம்.ஆர்.ஐ. என்றால் மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனை. முதல் பஸ் பிடித்து 50 கிலோமீட்டர் போய், நாள் குறித்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். 2022 ஜனவரி 12இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய ஆறுதல். வட்டத் தலைமையிடங்கள்வரை நல்ல ஸ்கேனும் அதைப் படித்துச் சொல்லும் மருத்துவரும் வர வேண்டும்; மானாவாரி விவசாயிக்கும் நெசவாளிக்கும் அது சலுகை ஆகாது, உரிமை.

ஸ்கேனுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உடம்புக்குள் பேஸ்மேக்கர், கிளிப், தகடு, குண்டுச் சில்லு எது இருந்தாலும், எத்தனை வருஷத்துக்கு முந்தியதானாலும், அறைக்குள் வருமுன் சொல்லிவிடுங்கள். அறுவை செய்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய படங்களைப் பரண்மேல் சுருட்டிவைக்காமல் கையோடு கொண்டுவாருங்கள். புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப்போல உதவுவது வேறில்லை. வலி எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று டாக்டரிடம் சொன்னதை எங்களிடமும் ஒரு முறை சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் எந்தக் கேள்வியை உங்கள் உடம்பிடம் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.